பத்திரமா வாங்க சார்

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் புதிதாக ஏறியிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, முதலில் மூச்சு வாங்கி முடியுங்கள். நான் வேலையை விட்டதற்குக் காரணம் வயது என்று அலுவலகத்தில் எழுதியிருப்பார்கள். அந்தப் படிக்கட்டைச் சில முறை ஏறி இறங்கினால் உண்மைக் காரணம் உங்களுக்கே விளங்கும்.

விதிமுறைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும், தேர்வு எழுதித்தானே வந்திருக்கிறீர்கள். எனக்கும் தெரியும். எந்த விதியை யார் எந்தக் கோபத்தில் சேர்த்தார் என்பது வரைக்கும் தெரியும். கேட்டால் சொல்வேன், ஆனால் யாரும் கேட்பதில்லை. நான் பேச வந்தது விதிப் புத்தகத்தில் இடம் கிடைக்காத ஒன்றைப் பற்றி.

நாம் வானொலியில் கொடுப்பது தகவல். காற்று இவ்வளவு, நீரோட்டம் இப்படி, இழுவைப்படகு அங்கே நிற்கிறது. ஆனால் தகவல் காதில் விழுவதற்குள் நம் குரல் விழுந்துவிடுகிறது. மூளையைப் பற்றிப் படித்தவர்கள் இதை விளக்கமாகச் சொல்வார்கள். பயத்தையோ பரிவையோ காட்டும் சின்ன அடையாளம் ஒன்று முதலில் வந்துவிட்டால், அதற்குப் பின்னால் வருவதை மூளை உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்வதில்லை. பயந்த முகம் ஒன்றைப் பார்த்த கையோடு சாதாரண முகத்தைப் பார்த்தால், அதிலும் எதையோ தேட ஆரம்பிக்கிறது. நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கு வீட்டில் பரிசோதித்துப் பாருங்கள். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோவப்படக் கூடாது” என்று தொடங்கி, சற்று நிறுத்தி, “நாளைக்குத் தேங்காய் வாங்கணும்” என்று முடியுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தேங்காயைப் பற்றி எத்தனை கேள்வி வருகிறது என்று பாருங்கள்.

நான் சேர்ந்த காலத்தில் எங்களுக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். புயல் எச்சரிக்கையையும் டீக்கடைக்குச் சொல்லி அனுப்புவதையும் ஒரே குரலில் சொல்லுவார். “கூண்டு ஏத்தச் சொல்லுதாவ. ஏத்திருங்க. ரெண்டு டீ, ஒண்ணுல சீனி கம்மி.” இவ்வளவுதான் அவருடைய புயல். அப்படிப்பட்டவர் ஒரு மதியம் தலையைத் திருப்பி, தாழ்ந்த குரலில், “தம்பி, தயவுசெஞ்சு அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்துதியா?” என்றார். அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். ஒருவன் உயிர்காப்பு உடை இருக்கும் அலமாரிப் பக்கம் ஓடினான். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, வேறொன்றுமில்லை.

அவர் எங்களுக்குப் பாடம் எதுவும் எடுத்ததில்லை. அன்றைக்கு நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து, “ஏலே, ஜன்னலத்தான சாத்தச் சொன்னேன்” என்று மட்டும் கேட்டார். நான் அதைச் சிரிப்புக்கதையாக வைத்துப் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சிரிப்புக்கதை மட்டும் இல்லை என்று தெரிந்தது, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், தென்மேற்குக் காற்றான கச்சான் ஓங்கி வீசிய ஒரு முற்பகலில்.

அதைச் சொல்லுமுன் நம் கோபுரத்தின் பழக்கங்கள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். புத்தகத்தில் தேடாதீர்கள், இருக்காது.

முதலாவது, கிண்டல். பைலட்டுகளை உங்களுக்கு இதற்குள் அறிமுகம் செய்திருப்பார்கள். வெளியே நிற்கும் கப்பலுக்குப் படகில் போய், கயிற்றேணி ஏறி, அந்தக் கப்பலின் கேப்டனுக்குப் பக்கத்தில் நின்று, துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பவர்கள். ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நமக்குள் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் அவர்களிடம் தமிழில் ஒரு வார்த்தை போடுவோம். அது பெரும்பாலும் அவர்களுடைய வயிறு, ஏணி, மாமியார் வீடு ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றியதாக இருக்கும். அவர்களும் சும்மா விடமாட்டார்கள். வெளியாள் கேட்டால் ஒழுக்கக்கேடு என்பான். எங்களுக்கு அது, எல்லாம் வழக்கம்போல இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது, கயிறு. கப்பல் மேல் இருக்கும் பைலட்டுக்கு வீட்டுச் செய்தி எதுவும் சொல்லக் கூடாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது. கப்பலைத் தளத்தில் கட்டி, கடைசிக் கயிறும் இறுகிய பிறகுதான் சொல்ல வேண்டும். அவர்கள் வேலையின்போது கைபேசியை அணைத்து வைத்திருப்பார்கள். அதனால் வீட்டில் இருப்பவர்கள் கோபுரத்துக்குத்தான் போன் செய்வார்கள். அவர்களுக்கும் இந்தப் பழக்கம் தெரியும். “கட்டின பொறவு சொல்லுங்க” என்று அவர்களே சொல்லி வைப்பார்கள்.

இனி அன்றைக்கு நடந்தது.

ஒலிவாங்கியில் ஜெனிஃபா இருந்தாள். புன்னைக்காயல் பெண். அப்பா மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவர். நம்மிடம் வருவதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவள். கோபமாகப் போன் செய்கிறவர்களிடம் தேன் ஒழுகப் பேசுவதற்கு அங்கே பயிற்சி கொடுத்திருந்தார்கள். சேர்ந்த புதிதில் அவள் காற்றின் வேகம் சொன்னால் ஏதோ பரிசு விழுந்திருப்பதைச் சொல்வது போல இருக்கும். அந்தத் தேனை வற்றவைக்க எங்களுக்குச் சில மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு கிண்டலில் எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டாள்.

பைலட்டாக இருந்தவர் முத்துராஜ். உடன்குடிப் பக்கம், பலசரக்குக் கடைக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் தராசு பிடிக்காத முதல் ஆள். பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை பைலட் என்றதும், பெண் வீட்டார் வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, பிறகு கடலைப் பார்த்துச் சமாதானமானவர்கள். அந்தக் கதையை அவரே சொல்லிச் சிரிப்பார். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து இப்போதுதான் மனைவி முழுகாமல் இருந்தாள். நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அன்று காலையிலேயே அவர் ஒரு சரக்குக் கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டியிருந்தார். அதே கச்சான், அதே வேகம். “காத்து தள்ளுது, உம்ம வயிறு தடுக்குது, கப்பல் நேரா வருது” என்று நான் சொல்ல, அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தார். அடுத்து ஒரு நிலக்கரிக் கப்பல். அதில் அவர் ஏறி, துறைமுகத்துக்குள் நுழையும் வழியான தடுப்புச் சுவர்களின் வாயை நோக்கி வந்துகொண்டிருந்தபோது கோபுரத்தில் போன் அடித்தது.

ஜெனிஃபாதான் எடுத்தாள். முத்துராஜின் மாமியார். மகளுக்குத் திடீரென்று வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கொஞ்சம் இரத்தமும் போயிருக்கிறது. ஜெனிஃபா பழைய வேலையின் பழக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி, எந்த மாடி, யார் கூட இருக்கிறார்கள், டாக்டர் வந்தாரா, என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் கேட்டாள். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பிரசவம் இன்றைக்கே ஆகிவிடலாம் என்றிருக்கிறார், பெரிய டாக்டரையும் வரச்சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் அந்த அம்மாள், “மருமவன்ட்ட கட்டின பொறவு சொல்லும்மா” என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறார்.

அவள் என்னிடம் சொன்னாள். நான் பழக்கத்தைச் சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டு ஒலிவாங்கியிடம் போனாள். அடுத்த காற்று அறிவிப்புக்கு நேரமாகியிருந்தது.

தப்பு எதுவும் செய்யவில்லை. திசை சரி, வேகம் சரி. வீட்டுச் செய்தியைப் பற்றி மூச்சு விடவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில், “பத்திரமா வாங்க சார்” என்றாள்.

நம் கோபுரத்திலிருந்து எந்தப் பைலட்டையும் யாரும் பத்திரமாக வரச் சொன்னதில்லை. வராவிட்டால் டீச் செலவு மிச்சம் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

வானொலியில் முத்துராஜ், “காத்து எவ்வளவு சொன்ன?” என்றார். ஜெனிஃபா திரும்பச் சொன்னாள். “கூடுதா?” இல்லை, காலையில் இருந்ததுதான் என்றாள். “ரெண்டாவது டக்க இப்பவே வெளிய அனுப்பச் சொல்லு” என்றார். அது வழக்கமாக வாய்க்குள் வந்து சேரும் இழுவைப்படகு. அதை வெளியே அழைத்ததை நான் பார்த்ததில்லை. ரேடார் திரையைப் பார்த்தேன். கப்பலின் வேகம் குறைந்துகொண்டிருந்தது.

குறைப்பது பாதுகாப்புத்தானே என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டுக் காற்றில் கப்பல் சைக்கிள் மாதிரி. மெதுவாகப் போனால்தான் தள்ளாடும். வேகம் குறையக் குறையச் சுக்கானுக்குப் பிடிமானம் போகும், கச்சான் அதை வடக்குச் சுவர் பக்கம் ஒதுக்கும். இது முத்துராஜுக்குத் தெரியாததா? எனக்கே அவர்தான் வரைந்து காட்டியிருக்கிறார். ஆனால் காலையில் பாட்டுக்குப் பக்கவாத்தியமாகக் கேட்ட அதே காற்று, “பத்திரமா” என்ற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் வேறு காற்றாக விழுந்துவிட்டது.

பின்னால் அவர் சொன்னார். அந்தக் கப்பலின் கேப்டன் வெளிநாட்டுக்காரர், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. முத்துராஜின் முகம் மாறியதைப் பார்த்து அவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கேப்டன் எழுந்ததைப் பார்த்து, சுக்கான் பிடித்திருந்த மாலுமி ஒரே கட்டளையை இரண்டு முறை கேட்க ஆரம்பித்தான். ஜெனிஃபாவின் ஒரு சொல் மூன்று மனிதர்களைத் தாண்டி சுக்கான் வரைக்கும் போய்விட்டது.

அந்த நேரத்தில் வானொலியில் முத்துராஜின் குரல் என்னைத் தேடி வந்தது. “அண்ணாச்சி இருக்காவளா?”

“இருக்கேன், சொல்லும்.”

“வீட்டுல இருந்து போன் வந்துச்சா?”

ஜெனிஃபா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, “சார், நீங்க ஏதாவது கிண்டல் பண்ணுங்க சார், சரியாயிரும்” என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்தேன். வழக்கம்போலத் தொடங்கினேன். “உம்ம மாமியா எதுக்குய்யா இங்க போன் பண்ணப் போறாவ. ஏரோப்ளேன் எப்ப வாங்கப் போறீருன்னு கேக்கவா?”

அவர் சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார்.

இதை நன்றாகக் கவனியுங்கள். என் கிண்டல் மோசமானதில்லை. காலையில் சொல்லியிருந்தால் கப்பல் குலுங்கச் சிரித்திருப்பார். ஆனால் பயம் முதலில் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த சிரிப்பு அவருக்குச் சிரிப்பாகக் கேட்கவில்லை, மூடி மறைப்பதாகக் கேட்டது. மாமியாரைப் பற்றி நான் பேச்செடுத்ததே அவருக்கு ஒரு தடயமாகிவிட்டது. “ஒண்ணுமில்ல” என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஒன்றுமில்லை என்ற சொல்லை யாரும் ஒன்றுமில்லாதபோது சொல்வதில்லை.

வாய்க்கு முன்னால் கடைசியாக ஒரு சிவப்பு மிதவை உண்டு. அதுவரைக்கும் கப்பலைத் திருப்பிக் கடலுக்குக் கொண்டுபோய்விடலாம். அதைத் தாண்டினால் உள்ளே வந்தே ஆக வேண்டும். முத்துராஜ் அதற்குச் சற்று வெளியே இருந்தார். நான் முடிவெடுக்க இருந்த இடமும் அவ்வளவுதான்.

பழக்கம் சொல்லாதே என்கிறது. அந்தப் பழக்கம் எதற்காக? பைலட்டின் கவனம் கப்பலை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக. அது ஏற்கெனவே போய்விட்டது. இப்போது அவர் மனதில் நடந்துகொண்டிருப்பது உண்மையில் நடந்ததைவிட நிச்சயம் பயங்கரமாக இருக்கும். பழக்கத்தைக் காப்பாற்றுவதா, பழக்கம் காப்பாற்ற நினைத்ததைக் காப்பாற்றுவதா என்று வந்து நின்றது. எல்லா விதியும் தெரிந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. எதை மீறுகிறோம் என்று தெரிந்தே மீறலாம்.

சொன்னேன். கிண்டலும் இல்லாமல், பரிவும் இல்லாமல், பழைய அதிகாரி டீ சொன்ன குரலில்.

“முத்துராஜ், கேளும். உம்ம வீட்டுக்காரிக்கு வலி வந்து ஆஸ்பத்திரில சேத்திருக்கு. உம்ம அத்த கூடவே இருக்காவ. கொஞ்சம் ரத்தம் போயிருக்கு. டாக்டரு பாத்துக்கிட்டு இருக்காவ, பெரிய டாக்டரையும் வரச் சொல்லியிருக்காவ, இன்னைக்கே பிரசவம் ஆனாலும் ஆவும்னு சொல்லுதாவ. எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான். தெரிஞ்ச எதையும் மறைக்கல.”

நான் நிறுத்தாமல் அடுத்ததையும் சொன்னேன்.

“மிதவைக்கு வெளிய இருக்கீரு. திரும்பி நங்கூரம் போடுதுன்னா போடும், படகு அனுப்புதேன், வேற பைலட் வருவாவ. உள்ள வாரதுன்னா வாரும், தளத்துல ஜீப்பு நிக்கும். எதுன்னாலும் உம்ம முடிவு. இப்பச் சொல்லணும்.”

சிலர் பிறகு என்னைக் கேட்டார்கள், அந்த நேரத்தில் அவரிடம் போய் முடிவைக் கேட்டீரே, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. ஆறுதல் சொல்லியிருந்தால் அவர் கையில் ஆறுதல் இருந்திருக்கும். கேள்வி கேட்டதால் கையில் ஒரு வேலை இருந்தது. நங்கூரம் போட்டு, படகுக்குக் காத்திருந்து, இந்தக் காற்றில் ஏணி இறங்கிக் கரைக்கு வர எவ்வளவு நேரம், உள்ளே வர எவ்வளவு நேரம் என்று அவர் கணக்குப் போட ஆரம்பித்தது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

“காத்து எவ்வளவு?” என்றார்.

ஜெனிஃபா சொன்னாள். முன்பு சொன்ன அதே எண். இந்த முறை கடைசியில் எதையும் சேர்க்கவில்லை.

“உள்ள வாரேன்” என்றார் முத்துராஜ். குரலில் முன்பிருந்த பதற்றம் இல்லை.

ஆனால் திரையில் வேகம் இன்னும் ஏறவில்லை. கப்பலின் தலை லேசாக வடக்கே சாய்ந்திருந்தது. மிதவை நெருங்கிக்கொண்டிருந்தது. பைலட்டிடம் வேகத்தைக் கூட்டு, குறை என்று கோபுரம் சொல்லக் கூடாது. அது விதி, நல்ல விதியும்கூட. கப்பலில் நிற்பவருக்குத் தெரிவது திரையில் தெரியாது. நான் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஜெனிஃபா ஒலிவாங்கியை அழுத்தினாள்.

“சார், ஜீப்புக்கார அண்ணன் கேக்காவ. கப்பல் இந்த வேகத்துல வாரதுன்னா, அவிய வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டான்னு.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ஜீப் ஓட்டுநருக்கு அதுவரை நாங்கள் தகவலே சொல்லியிருக்கவில்லை.

வானொலியில் ஒரு சின்ன மூச்சுச் சத்தம். சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அதற்குப் பின்னால், அவர் வானொலிப் பொத்தானை விடாமலே ஆங்கிலத்தில் இயந்திரத்துக்கு ஒரு கட்டளை கொடுத்தது தெளிவாகக் கேட்டது. திரையில் வேகம் ஏறியது. தலை நேரானது. கப்பல் மிதவையைத் தாண்டி, இரண்டு சுவர்களுக்கும் நடுவில், கோடு போட்டது போல உள்ளே வந்தது. வெளியே வரவழைத்த இழுவைப்படகு செய்ய வேலையில்லாமல் பின்னாலேயே வந்தது.

என் கிண்டல் எடுபடவில்லை, அவளுடையது எடுபட்டது. ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். என்னுடையது உண்மைக்கு முன்னால் வந்தது, அவளுடையது உண்மைக்குப் பின்னால் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். கோபுரம் பைலட்டுக்கு வேகம் சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. ஜீப்புக்காரரின் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

உள்ளே வந்து கட்டும் வரைக்கும் அவள் வேறு எதுவும் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். கடைசிக் கயிறு இறுகியது என்ற தகவல் வந்தபோது முத்துராஜ் ஏணியில் பாதி இறங்கியிருந்தார். அதற்குள் நான் சொல்லி வரவழைத்த ஜீப்புக்காரர் சாப்பிடப் போகாமல் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகுதான் ஜெனிஃபா நாற்காலியில் சாய்ந்தாள். நான் அவளைத் திட்டப்போவதில்லை என்று தெரிந்ததும் அவளே தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரிஞ்சிருக்கணும் சார். எங்க ஊருல வள்ளம் திரும்பலன்னா, கோயில் பக்கமிருந்து ரெண்டு மூணு பேரு வீட்டுக்கு வருவாவ. சேதி சொல்ல மாட்டாவ. ‘சாப்பிட்டியா மக்கா’ன்னு கேப்பாவ. அதக் கேட்டவுடனே பொம்பளைங்க மாருல அடிச்சுக்குவாவ. ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்தவங்க நெசமாவே சாப்பாட்டுக்குத்தான் வந்தாவ. திருவிழாவுக்கு ஊருக்கே அசனச் சாப்பாடு போட வரி கேட்டு. எங்கம்மா ஊரக் கூட்டிட்டா.”

“உங்கப்பா எங்க இருந்தாவ?”

“உள்ள தூங்கிட்டு இருந்தாவ சார். அம்மா அழுத சத்தத்துல எந்திரிச்சு, யாரு செத்துட்டான்னு அவியளும் அழ ஆரம்பிச்சாவ.”

அவள் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு, “சார், ஒண்ணு கேக்கட்டா? அவரு வீட்டுக்காரம்மா செத்துட்டாங்கன்னு போன் வந்திருந்தா, அதயும் இப்படித்தான் சொல்லியிருப்பீங்களா?” என்றாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீங்களும் ஒரு நாள் அந்த நாற்காலியில் இருந்து இதைக் கேட்பீர்கள், அல்லது உங்களிடம் கேட்பார்கள்.

“மாட்டேன்” என்றேன். “கடலுக்குத் திருப்புன்னு சொல்லியிருப்பேன். காரணம் கேட்டா, நங்கூரம் போடு, சொல்லுதேன்னுருப்பேன்.”

“அதுலயே அவருக்குத் தெரிஞ்சிருக்கும்லா சார்?”

“தெரிஞ்சிருக்கும். ஆனா முன்னால சுவர் இருந்திருக்காது.”

அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. எனக்கே முழுத் திருப்தி இல்லாத பதில்தான். செய்தியை நம்மால் மாற்ற முடியாது. அதைக் கேட்கும்போது ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைச் சில நேரம் மாற்றலாம். அதற்கு மேல் எனக்குத் தெரிந்திருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன்.

மாலை வரைக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் இல்லை. ஜெனிஃபா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை தவறான எண் வந்தது. இரண்டு முறையும் அவள் “ஹலோ” சொன்ன விதத்தில், எதிர்முனையில் இருந்தவர்கள் பயந்து வைத்துவிட்டார்கள்.

முத்துராஜ் மறுநாள் நேரில் வந்தார். படிக்கட்டு ஏறி வந்த பைலட் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மூச்சு வாங்க நின்று, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததை எங்களுக்குச் சொன்னார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது மனைவியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே மாமியார் ஒரு மூலையில் செபமாலை சொல்லாத குறையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார், இத்தனைக்கும் அவர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கதவு திறந்து ஒரு நர்ஸ் வந்தார். வயதானவர், முகத்தில் அத்தனை கனிவு. இவரைப் பார்த்து, மெதுவாக, “சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க சார்” என்றார்.

“எனக்கு அவ்வளவுதான் அண்ணாச்சி, கண்ணு இருட்டிட்டு” என்றார் முத்துராஜ். “செவுத்தப் பிடிச்சுக்கிட்டேன். சிஸ்டர், தயவுசெஞ்சு இப்படிப் பேசாதீங்க. எதுன்னாலும் என்னத் திட்டிச் சொல்லுங்கன்னு கேட்டேன்.”

“அந்தம்மா என்ன செஞ்சாவ?” என்றாள் ஜெனிஃபா.

“ஒரு நிமிசம் என்ன ஏற எறங்கப் பாத்தாவ. பொறவு இடுப்புல கைய வச்சுக்கிட்டு, ‘ஏன்யா, ஸ்ட்ரெச்சர் போற வழியில சொவரு மாதிரி நிக்கீரு, உக்காருன்னா உக்கார மாட்டீரோ? பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. எடை கம்மி, ஆனா கூப்பாடு ஆஸ்பத்திரியே கிடுகிடுங்குது. பொஞ்சாதி முழிச்சுக்கிட்டு உம்மத்தான் கேக்கா. கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ள வாரும், நிலக்கரி நாத்தம் அடிக்கி’ன்னாவ.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நேரா நடந்து போனேன் அண்ணாச்சி. எங்கேயும் இடிக்கல.”